“யாரையாவது படிக்கச் சொல்லுங்க சார்”: பூட்டிய மின்னூல்கள் பற்றித் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்னூல் விற்கும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

கடந்த நான்கு மாதமாக உங்கள் பூட்டை உடைத்துத்தான் உங்கள் நூல்களைப் படித்து வருகிறேன். எல்லாமே காசு கொடுத்து வாங்கிய நூல்கள். இதை ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

நான் பார்வையற்றவன். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலைத் தமிழாசிரியராக இருக்கிறேன். சங்க இலக்கிய உரைமரபு பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். பதினெட்டு வயது வரை தாளைக் கண்ணோடு ஒட்டி வைத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் பிறகு அதையும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து என் படிப்பு மற்றவர்களின் வாயை நம்பியிருந்தது. அக்கா சமையல் வேலைக்கு நடுவே உட்கார்ந்து 60 நிமிட கேசட்டில் படித்துப் பதிந்து தருவாள். குறுந்தொகைப் பாடல்கள் சில இன்றும் குக்கர் சத்தத்தோடுதான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. கல்லூரி விடுதியில் நண்பர்கள் படித்தார்கள். தங்கமான பையன்கள். ஆனால் தூக்கம் வந்தால் பக்கம் தாண்டிவிடும். அடிக்குறிப்பைப் படிக்க மாட்டார்கள். “இது ஒண்ணும் முக்கியமில்லடா” என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். ஒரு வரியை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்கவே கூச்சமாக இருக்கும். மூன்றாம் முறை கேட்டதே இல்லை.

அந்த நிலையிலிருந்து நான் வெளியே வந்தது முப்பது வயதுக்குமேல்தான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கி இலவசமாகத் தந்த என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள், என் கணினிக்கு வந்தது. இயந்திரக் குரல்தான். ‘ழ’கரம் சரியாக வராது. ஆனால் ஒரே வரியை இரவு இரண்டு மணிக்கு நாற்பது முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. அடிக்குறிப்பையும் விடாது. தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நானே படித்து முடித்த இரவை என்னால் மறக்க முடியாது.

அதற்குப் பிறகு நூல் வாங்க ஒரு வழக்கம் ஏற்பட்டது. பதிப்பகத்துக்குப் போன் செய்து, பார்வையற்றவன் என்று சொல்லி, முழு விலையையும் செலுத்துவேன். பிடிஎஃப் கோப்பு மின்னஞ்சலில் வரும். யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஒருமுறைகூட அதை மீறியதில்லை. பிறகு உங்களில் பலர் மின்னூலாகவே விற்கத் தொடங்கியபோது இனி யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம் என்று மகிழ்ந்தேன்.

இந்தத் தை மாதம், புத்தகக் காட்சி முடிந்த வாரம், உரையாசிரியர்களைப் பற்றிய ஓர் ஆய்வு நூலை 480 ரூபாய்க்கு மின்னூலாக வாங்கினேன். திறந்தேன். பாதுகாப்பு அமைப்பின் காரணமாகத் திரைவாசிப்பானுக்கு அனுமதி இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் கேட்டது. அதற்குமேல் ஒன்றுமில்லை. மனைவியை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். “பக்கம் நல்லாத் தெரியுதே, எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கு” என்றாள்.

மறுநாள் பதிப்பகத்துக்குப் பேசினேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “சார், இந்த வருஷத்துல இருந்து காப்பி, பிரிண்ட் ரெண்டையும் லாக் பண்ணிட்டோம். எல்லாருக்கும் ஒரே ரூல்தான். வேணும்னா அச்சுப் புத்தகம் வாங்கிக்குங்க.” எனக்குப் பார்வை இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “அப்ப யாரையாவது படிக்கச் சொல்லுங்க சார்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முடிவு அவருடையதல்ல. ஆனால் முடிவெடுத்தவர்களுக்கு இந்த வாக்கியம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் எங்கிருந்து தப்பி வந்தேனோ, அங்கேயே திரும்பிப் போகச் சொல்கிறது உங்கள் பூட்டு.

அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் போட்ட பலருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். பிடிஎஃப் கோப்புக்கு இரண்டு கடவுச்சொற்கள் வைக்கலாம். ஒன்று கோப்பைத் திறக்க, மற்றது அனுமதிகளைக் கட்டுப்படுத்த. நீங்கள் போடுவது இரண்டாவது. கோப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் அச்சிடாதே, நகலெடுக்காதே என்று உள்ளே ஒரு குறிப்பு இருக்கும். பக்கத்தைத் திரையில் காட்ட வேண்டுமென்றால் மென்பொருள் முதலில் மறையாக்கத்தை, அதாவது கோப்பைச் சங்கேதமாக்கி வைத்திருப்பதை, அவிழ்த்தே தீர வேண்டும். அவிழ்த்தபின் அந்தக் குறிப்பை மதிப்பதும் மதிக்காததும் மென்பொருளைப் பொறுத்தது. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, நிலைவாசலில் ‘உள்ளே வராதே’ என்று சீட்டு ஒட்டுவது போன்ற ஏற்பாடு இது. சீட்டை மதிக்கிறவன் மட்டும் வாசலில் நிற்கிறான்.

அப்படி நிற்பவர்களில் முதல் ஆள் நான். என் திரைவாசிப்பான் நூலைப் படிக்க வேண்டுமானால் எழுத்தை எழுத்தாகவே கோப்பிலிருந்து எடுக்க வேண்டும். நகலெடுப்பதற்கும் அதே வேலைதான் நடக்கிறது. நகலுக்குப் போட்ட தாழ்ப்பாள் என் காதுக்கும் சேர்ந்து விழுகிறது. இதை அறிந்துதான் பிடிஎஃப் முறையிலேயே பார்வையற்றோருக்கென்று தனி அனுமதி ஒன்றை முன்பே வைத்திருந்தார்கள். பிடிஎஃப் உருவாக்கும் அக்ரோபாட் மென்பொருளில் பூட்டுப் போடும் அதே பக்கத்தில், திரைவாசிப்பான் எழுத்தைப் படிக்கலாம் என்று அனுமதிக்கும் சிறு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட்டால் போதும். 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரநிலை, அதாவது ஐஎஸ்ஓ 32000-2, இன்னும் ஒரு படி மேலே போய், அந்த அனுமதியை மறுக்கும் வழியையே கைவிட்டது. கோப்பை உருவாக்கும் மென்பொருள் அதை எப்போதும் திறந்தே வைக்க வேண்டும், படிக்கும் மென்பொருள் அங்கே தடை இருந்தாலும் பொருட்படுத்தக் கூடாது என்கிறது. உலகம் கைவிட்ட தாழ்ப்பாள் ஒன்று தமிழ் நூல்மேல் இன்னும் தொங்குகிறது.

என் பழைய மாணவன் ஒருவன் கோயம்புத்தூரில் கணினி வேலையில் இருக்கிறான். கோப்பை அவனுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் பூட்டில்லாமல் திரும்பி வந்தது. “இதுக்கா ஐயா ஒரு வாரமாத் தவிச்சீங்க?” என்று கேட்டான்.

இது குற்றமா என்று நானே சட்டத்தைத் தேடிக் கேட்டேன். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின்போது 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தகர்த்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தகர்த்தால் மட்டுமே அது குற்றம். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறப்பதை அந்தப் பிரிவு தடுப்பதில்லை. அதே திருத்தம்தான் 52-ஆம் பிரிவில் (1)(இசட்பி) என்ற உட்பிரிவையும் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் படிக்கும்படி எந்தப் படைப்பையும் அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்றுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது அது. ஆகவே நான் செய்தது என் உரிமை.

ஆனால் இன்னொருவருக்காகப் பூட்டைத் திறக்க உதவுகிறவர், யாருக்காக, எதற்காக என்பதைப் பெயர், முகவரியோடு பதிந்து வைத்திருக்க வேண்டும் என்றும் 65ஏ சொல்கிறது. அதனால் என் பெயர், முகவரி, நூலின் பெயர், ‘சொந்தப் படிப்புக்காக’ என்ற காரணம் எல்லாவற்றையும் மனைவியை எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டு அவனுக்குத் தபாலில் அனுப்பினேன். இப்படி இதுவரை ஐந்து தாள்கள் போயிருக்கின்றன. விலை கொடுத்து வாங்கிய நூலைப் படிக்க, வாக்குமூலம் போல ஒன்றை நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பார்வையுள்ள வாசகர் எவரும் உங்களுக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாரா?

பிடிஎஃப் பூட்டாவது ஒரு நிமிட வேலை. செயலிக்குள் மட்டும் திறக்கும் நூல்களின் கதை வேறு. அங்கே பக்கம் முழுவதும் படம். திரைவாசிப்பானுக்குச் சிக்க ஓர் எழுத்தும் இல்லை. திரைப்பிடிப்பு எடுத்தால் கறுப்பாக வருகிறது. வேறு வழியில்லாமல் அதே மாணவன் இன்னொரு கைப்பேசியால் திரையைப் படமெடுத்தான். மொத்தம் 312 பக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். அவனுக்குச் சிறு குழந்தை இருக்கிறது. அந்த ஞாயிறுகள் அந்தக் குழந்தைக்குரியவை.

அந்தப் படங்களை எழுத்துணரியில், அதாவது படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருளில், போட்டு எடுத்தேன். தமிழ் எழுத்துணரி முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது. இருந்தாலும் துணைக்காலையும் ரகரத்தையும் அதற்கு இன்னும் பிரித்தறியத் தெரியவில்லை. சாய்ந்தெடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம். ‘பாரதி’ ‘பரரதி’ ஆகிறார். ‘கொடு’ என்பது ‘கெரடு’ என்று கேட்கிறது. புள்ளி விழுந்துபோனால் ஒற்று உயிர்மெய்யாகிவிடுகிறது. செய்தித்தாளாக இருந்தால் ஊகித்துக்கொள்ளலாம். பாடபேதம் பற்றிய நூலில், இது ஓலைச்சுவடியில் இருந்த வேறுபாடா, கைப்பேசி செய்த பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? ஓர் எழுத்து மாறினால் என் ஆய்வே மாறிப்போகும். சரிபார்க்க மறுபடியும் யாரையாவது படிக்கச் சொல்ல வேண்டும்.

பூட்டே இல்லாத தமிழ்க் கோப்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் வடிவமைத்த நூல்கள் திரையில் தமிழாகத் தெரியும். என் காதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக விழும். சில கோப்புகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கும். நூலை உருவாக்கும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டியது இது. யூனிகோடில் தட்டச்சு செய்து ஈபப் என்ற மின்னூல் வடிவில் வெளியிட்டால், பார்வை குறைந்த முதியவர்களும் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

அச்சிடும் தடையைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். என் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பார்வை மிகக் குறைவு. 28 புள்ளி அளவில் அச்சிட்டுத் தந்தால் படித்துவிடுவாள். நான் வாங்கிய மின்னூல் ஒன்றிலிருந்து ஒரு கட்டுரை, ஆறே பக்கம், அவளுக்குத் தேவைப்பட்டது. பாடம் நடத்துகையில் ஆசிரியர் படியெடுத்துத் தர 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. டெல்லி பல்கலைக்கழக நகலகம் மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கிலும் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் அந்த உரிமையின் பக்கமே நின்றது. ஆனால் என் கோப்பில் அச்சிடும் பொத்தான் மங்கிக் கிடந்தது. அவள் அம்மா என் மனைவியின் கணினி முன்னால் உட்கார்ந்து, அந்த ஆறு பக்கத்தையும் மார்க்கர் பேனாவால் பெரிய பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போனார். நாற்பது பக்க நோட்டு ஒன்று முழுவதும் நிறைந்தது. அவர் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிழை வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினார். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருட்டைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நூல் வெளிவந்த வாரத்திலேயே டெலிகிராம் குழுக்களில் அதன் பிடிஎஃப் சுற்றுவதை நானும் அறிவேன். 500 படி விற்கவே தவிக்கும் தொழிலில் அது வயிற்றில் அடிக்கும் வேலை. குழுவில் வந்த அப்படிப்பட்ட கோப்புகளை நான் திறந்ததில்லை. ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் அச்சு நூலைப் பிரித்து ஸ்கேன் செய்தவை, அல்லது ஒரு நிமிடத்தில் பூட்டைக் கழற்றியவை. ஒருவன் ஒருமுறை கழற்றினால் போதும், ஆயிரம் பேருக்குப் பூட்டில்லாத நூல் போய்விடும். காசு கொடுத்தவன் கையில் மட்டும் பூட்டிய நூல் இருக்கும். அமெரிக்காவின் டார் புக்ஸ் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்கள் எல்லாவற்றிலும் பூட்டை எடுத்தது. அதனால் திருட்டு குறிப்பிடும்படி கூடவில்லை என்று ஏறக்குறைய ஓராண்டு கழித்து அதன் பிரிட்டன் பிரிவே அறிவித்தது. வாங்குபவர் பெயரைப் பக்கத்தின் அடியில் பொறித்துத் தாருங்கள். என் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும், எனக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை.

2009-இல் அமேசானின் ‘கிண்டில் 2’ என்ற மின்னூல் கருவி நூல்களை உரக்கப் படிக்கத் தொடங்கியபோது, ஒலிநூல் உரிமை பறிபோகிறது என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. உரிமையாளர்கள் வேண்டாம் என்று சொல்லும் நூல்களுக்குக் குரலை அணைத்துக்கொள்ளலாம் என்று அமேசான் பணிந்தது. அந்த ஏப்ரலில் பார்வையற்றோர் நியூயார்க்கில் அந்தச் சங்கத்தின் அலுவலக வாசலில் கூடி நின்றார்கள். இலவசமாக வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. வாங்குகிறோம், படிக்க விடுங்கள் என்றார்கள். நானும் அதையேதான் கேட்கிறேன்.

இதெல்லாம் ஏதோ ஒரு தனிமனிதனின் மனக்குறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அச்சைப் படிக்க இயலாதோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. மின்பூட்டுகளுக்குத் தரும் சட்டப் பாதுகாப்பு எங்கள் உரிமைக்குத் தடையாகிவிடக் கூடாது என்று அதன் ஏழாம் பிரிவு சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, வங்கிகளின் மின்வழி அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் எனக்கு உரிமையைத் தந்துவிட்டது. கோப்பை நீங்கள்தான் தர வேண்டும்.

என் கோரிக்கைகள் இவை.

இனி வெளியிடும் எந்த பிடிஎஃப் கோப்பிலும் திரைவாசிப்பானுக்கான அனுமதியைத் திறந்து வையுங்கள். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஏற்கெனவே விற்ற கோப்புகளையும் மாற்றி, வாங்கியவர்களுக்கு மறுபடி அனுப்புங்கள்.

செயலிக்குள் மட்டும் நூல் விற்பவர்கள், அந்தச் செயலியைத் திரைவாசிப்பானோடு இயங்கும்படி செய்யுங்கள். வெளியிடுமுன் பார்வையற்ற வாசகர் ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். கூப்பிட்டால் நானே வருகிறேன், காசு வேண்டாம். அது முடியும் வரை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை அனுப்பி நூலின் விலையையும் செலுத்துபவருக்கு, கேட்ட ஏழு நாளுக்குள் பூட்டில்லாத யூனிகோடு கோப்பைத் தாருங்கள். அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியும், பதில் சொல்ல ஒரு மனிதரும் இருக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் மேற்கோள் எடுக்கவும் ஆசிரியர்கள் சில பக்கங்களை அச்சிடவும் அளவோடு அனுமதியுங்கள்.

விற்பனைப் பக்கத்திலேயே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, இந்த நூல் திரைவாசிப்பானில் இயங்குமா, அச்சிட முடியுமா என்று எழுதுங்கள். இயங்காத நூலை அறியாமல் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

அச்சுக்குப் போகும் ஒவ்வொரு நூலின் மூலக்கோப்பையும், அச்சைப் படிக்க இயலாதோருக்காக 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்துக்குக் கொடுங்கள். அடையாளம் சரிபார்த்த உறுப்பினர்கள் மட்டுமே அங்கே நூல் எடுக்க முடியும்.

கடைசியாக, 312 பக்கத்தையும் படமெடுக்க வைத்த அந்த நூலை வெளியிட்டவர்களுக்குத் தனியாக ஒரு கோரிக்கை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்த நூலை நம்பித்தான் நிற்கிறது, ஆனித் திங்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். வாங்கிய ரசீதையும் அடையாள அட்டையையும் இந்த மடலோடு உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். சரியான கோப்பை அனுப்புங்கள். ‘பரரதி’யும் ‘கெரடு’வும் நிறைந்த கோப்பை அன்றைக்கே அழித்துவிடுகிறேன்.